நான்காம் எண் பாட்டில்

மருந்து கலக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் பொடி பறக்கும். அதனால் அந்த ஆடி மாதக் காலையிலும் பூமயில் விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலோர மேசையின் முன்னால் நின்று, குப்பியின் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி உப்புநீரை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளைப் பொடி லேசில் கரையாது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும், குலுக்க வேண்டும், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் குலுக்க வேண்டும். கரைந்ததும் சிரிஞ்சில் இழுத்து ஊசியை உருவுகிறபோது, உள்ளே அடைபட்டிருந்த காற்று புஸ்ஸென்று சீறி முகத்தில் தூறல் போல அடிக்கும். அந்த நேரத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வாள். எட்டு வருடத்தில் அது பழகிப்போயிருந்தது.

முகத்தில் துணி முகமூடி உண்டு, வியர்வையில் நனைந்து மூக்கோடு ஒட்டிக் கிடக்கும். கையுறை வாரத்துக்கு ஒரு ஜோடி. சாயங்காலம் சோப்புப் போட்டுக் கழுவி, ஜன்னல் கம்பியில் காயப்போட்டுவிட்டுப் போவாள். வெள்ளை மருந்து முடிந்தால் சிவப்பு மருந்து, அதுவும் அப்படித்தான் சீறும். அது விரலில் பட்டால் இரண்டு நாளைக்குக் கறை போகாது.

இராமநாதபுரத்தில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் வார்டு வைத்திருந்த, டிரஸ்ட் ஒன்று நடத்தும் தனியார் ஆஸ்பத்திரி அது. இராமேஸ்வரத்திலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் காலை பஸ்ஸில் வருகிறவர்கள், மருந்து ஏற்றிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் திரும்புவார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். அத்தனை பேருக்கும் கலக்குவது பூமயிலும் பாண்டியம்மாளும். இவளுக்கு மூன்று நாள், அவளுக்கு மூன்று நாள்.

பூமயிலுக்கு முப்பத்து மூன்று வயது. முதுகுளத்தூர் பக்கம் மிளகாய்க் காட்டில் கூலிக்குப் போகிற குடும்பம். புருஷன் மலையாண்டி திருப்பூருக்கு வேலைக்குப் போய், அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்த ஆரம்பித்து ஐந்து வருடமாகிறது. தாலியை அவளும் கழற்றவில்லை, அவனும் வந்து கேட்கவில்லை. ஆஸ்பத்திரியே ஆறு மாதம் பயிற்சி கொடுத்து அவளை உதவி நர்ஸ் ஆக்கியிருந்தது. அந்தச் சான்றிதழ் அந்த வாசலைத் தாண்டினால் வெறும் காகிதம். இதுவும் போனால் மறுபடி மிளகாய்க் காடுதான்.

நான்கு மாதமாக அவளுக்குத் தூரம் வரவில்லை. காலையில் பல் துலக்கும்போது குமட்டியது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. யாரிடம் சொல்வது? கேணிக்கரையில் அவள் குடியிருந்த ஒற்றை அறைக்கு இரண்டு பக்கமும் குடும்பங்கள். அவள் குழாயடிக்கு வந்தால் அந்தப் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். புருஷன் இல்லாமல் தனியாக இருப்பவளுக்குத் தூரம் நின்றுபோனது தெரிந்தால் அவர்கள் நிறுத்திய பேச்சையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பேசிவிடுவார்கள். அவள் மாதம் தவறாமல் மூன்று நாள் துணி அலசிக் கொடியில் காயப்போட்டாள். சும்மா நனைத்த துணி. அப்படிக் காயப்போடும்போது அவளுக்கே அழுகை வரும்.

அன்றைக்கு மத்தியானம் மேனேஜர் ராமசுப்பிரமணியன் வார்டுக்கு வந்து எல்லோரையும் கூப்பிட்டார்.

"நாளைக்கு டூட்டிக்கு வரும்போது யூரின் போகாம வாங்க. சென்னையிலருந்து ஒரு டாக்டரம்மா வந்து எல்லாருக்கும் யூரின் டெஸ்ட் எடுக்கிறாங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் வேலை முடிஞ்சதும் ஒண்ணு."

"எதுக்கு சார்?" என்றாள் பாண்டியம்மாள்.

"செக்கப் மாதிரிதான். எல்லாருக்கும்."

பூமயில் அதை முன்பே கேட்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். செக்கப் மாதிரிதான், எல்லாருக்கும். யூரின் கொடுத்த மூன்றாம் நாள், பிரசவ வார்டில் ஆயாவாக இருந்த சேதுலட்சுமியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவள் புருஷன் சவுதியில் இருந்தான். அன்றிலிருந்து அந்த ஆஸ்பத்திரிப் பெண்களுக்கு யூரின் டெஸ்ட் என்றால் ஒரே அர்த்தம்தான்.

வயிற்றில் ஒன்றும் இல்லையே, பிறகென்ன பயம் என்று கேட்கலாம். வெளியாள் அப்படித்தான் கேட்பார். ஆனால் பூமயில் அந்த வார்டில் எட்டு வருடம் இருந்தவள். போன வருடம் தேவிபட்டினத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். யூரினில் பிள்ளை என்று காட்டியது, ஸ்கேனில் பிள்ளை இல்லை, திராட்சைக் குலை மாதிரி சதை. முத்துப்பிள்ளை கர்ப்பம் என்றார்கள். கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகும் யூரின் பிள்ளை பிள்ளை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்கு மருந்து கலக்கிக் கொடுத்ததே பூமயில்தான். பிள்ளை இல்லாத வயிற்றையும் யூரின் காட்டிக் கொடுக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் அவள். நான்கு மாதம் தூரம் நின்ற தன் யூரின் என்ன சொல்லுமோ, யார் கண்டது. சொல்லிவிட்டால், ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று அவளுக்காகப் பேச அந்த ஊரில் ஆள் கிடையாது.

மறுநாள் காலை டாக்டரம்மா மேனேஜர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். சின்ன வயது, ஒல்லி, கண்ணாடி போட்டிருந்தாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள்.

"நீங்க கலக்குற மருந்து உங்க உடம்புக்குள்ள போகுதான்னு பார்க்கப் போறோம். போயிருந்தா யூரின்ல தெரியும். பயப்படாதீங்க."

பூமயில் தலையாட்டினாள். சேதுலட்சுமியிடமும் இப்படி ஏதாவது சொல்லித்தான் இருப்பார்கள் என்று நினைத்தாள். டாக்டரம்மா ஒரு தாளை எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிருச்சு."

"வீட்டுக்காரர் கூட இருக்காரா?"

"இல்ல. திருப்பூர்ல."

"கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்தது?"

மேனேஜர் பக்கத்து மேசையில் பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பேனா ஓடாமல் நின்றது போல அவளுக்குப் பட்டது.

"போன மாசம் இருவத்தி ரெண்டு" என்றாள்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். வெள்ளை பிளாஸ்திரியில் நான்கு என்று எழுதி ஒட்டிய பாட்டிலை நீட்டினாள்.

பூமயில் கழிவறைக்குப் போகவில்லை. பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்பக்கம் கேண்டீனுக்குப் போனாள். அங்கே மலிகா மட்டும் குத்துக்காலிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். பனைக்குளத்துக்காரி. நாற்பதை நெருங்கிய வயது, மூன்று பிள்ளைகள். பூமயிலிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரே ஆள்.

"அக்கா, ஒரு உதவி வேணும்."

"சொல்லு. டீயா, சில்லறையா?"

"யூரின்."

மலிகா அரிசிக்குள் இருந்த கையை எடுத்தாள். "ஏம்புள்ள, ஒன்னோடது எங்கன போச்சு?"

"கேக்காதக்கா."

மலிகா அவள் முகத்தையும் முந்தானையையும் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "எத்தன மாசம்?"

"நாலு. ஆனா யாரும் இல்லக்கா. சத்தியமா யாரும் இல்ல. எப்புடி நின்னுச்சுன்னே தெரியல."

மலிகா அதை நம்பினாளா என்று தெரியவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு பாட்டிலை வாங்கினாள். "அல்லா பாத்துக்கிருவான். எனக்கு ஆபரேசன் பண்ணி ஒம்போது வருசமாச்சு. என்னோடதுல எந்த ஊரு டாக்டரு பாத்தாலும் ஒரு கழுதையும் தெரியாது. சாயங்காலம் ஒண்ணு வேணும்ல? டீத்தண்ணி நெறயா குடிச்சு வைக்கிறேன்."

சூடு ஆறாத பாட்டிலைப் பூமயில் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். சாயங்காலமும் அப்படியே ஆயிற்று. இரண்டுக்கும் நடுவில் அவள் பதினோரு பேருக்கு மருந்து கலக்கியிருந்தாள். பாதை வேலை நடந்ததால் அப்போது சென்னைக்கு ரயில் கிடையாது. இறால் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி ஒன்றில் ஐஸைக் கொட்டி, பாட்டில்களை அதற்குள் புதைத்து, மதுரை பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஏற்றினார்கள். மீன் வாடை அடிக்கிறது என்று கண்டக்டர் சண்டை போட்டார். பஸ் நகர்ந்த பிறகுதான் பூமயிலுக்கு மூச்சு வந்தது. அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்க்கு ருசியாக மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள்.

ஐப்பசி மழையில் டாக்டரம்மா மறுபடி வந்தாள். குடையை மூலையில் சாய்த்துவிட்டு, வார்டு ஆட்கள் ஏழு பேரையும் நிற்கவைத்துத் தாளைப் படித்தாள்.

அந்த வெள்ளைப் பொடி மருந்து ஆறு பேருடைய யூரினில் இருந்தது. பாண்டியம்மாளுக்குத்தான் அதிகம். மருந்து பாட்டிலைத் தொங்கவிடுகிற தலைமை நர்ஸுக்கு இருந்தது. தரை துடைக்கிற முத்தழகுவுக்குக்கூட இருந்தது. நான்காம் எண்ணுக்கு மட்டும் இல்லை. காலையிலும் இல்லை, சாயங்காலமும் இல்லை.

பூமயிலுக்கு அப்போதுதான் புரிந்தது. டாக்டரம்மா அன்றைக்குச் சொன்னது அத்தனையும் உண்மை. பிள்ளையைத் தேடவே இல்லை. தேடியது மருந்தை. தரை துடைக்கிறவளுக்கே இருக்கிறது என்றால், தனக்கு எவ்வளவு இருந்திருக்கும்? குமட்டலும் முடி கொட்டுவதும் நின்றுபோன தூரமும் எதனால் என்று கேட்க ஒரு ஆள் சென்னையிலிருந்து தேடி வந்து, எதிரில் உட்கார்ந்து கேட்டாள். அவளிடம்தான் பூமயில் போன மாதம் இருபத்திரண்டு என்று சொல்லிவிட்டாள். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

டாக்டரம்மா அவளை மருந்து கலக்கும் அறைக்குக் கூட்டிப்போனாள். "எப்பவும் எப்படி கலக்குவீங்களோ அப்படியே ஒண்ணு கலக்கிக் காட்டுங்க."

பூமயில் கலக்கினாள். ஊசியை உருவும்போது புஸ்ஸென்று அடித்தது. அவள் கண்ணை மூடித் திறந்தாள். டாக்டரம்மா கம்பியில் காய்ந்த கையுறையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஏங்க, அது உங்க யூரின்தானே?"

கதவருகில் மேனேஜர் தாளோடு நின்றிருந்தார். இல்லை என்றால் யாருடையது என்பார். ஏன் என்பார். நான்கு மாதம், இப்போது ஏழு மாதம், அதை அவர் முன்னால் சொல்ல வேண்டும்.

"ஆமா டாக்டர்."

"இவங்களுக்கு மட்டும் இன்னொரு தடவை எடுக்கலாமா சார்?"

"ஒரே ஒரு தடவைன்னுதான் உங்க லெட்டர்ல இருக்கு டாக்டர். அதை வச்சுத்தான் டிரஸ்ட்ல சம்மதம் வாங்குனேன்" என்றார் மேனேஜர்.

டாக்டரம்மா போகும் முன் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். மருந்துக் காற்றை உறிஞ்சி வடிகட்டும் பெட்டி ஒன்று வாங்கி, அதற்குள் கைவிட்டுத்தான் கலக்க வேண்டும். தினமும் புதுக் கையுறை வேண்டும். கலக்கும் அறையை மற்ற இடத்திலிருந்து தனியாக அடைக்க வேண்டும். யூரினில் மருந்து தெரிந்தவர்களைக் கொஞ்ச காலம் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும்.

மேனேஜர் பெட்டியின் விலையை விசாரித்தார். பிறகு தலைமை நர்ஸைக் கூப்பிட்டுப் பேசினார். "பெட்டி எதுக்குங்கிறேன். பூமயிலும்தான் கலக்குறா. பூமயிலுக்கு ஒண்ணுமே இல்ல. அப்ப கோளாறு மருந்துல இல்ல, கலக்குற கையில. நல்லா கலக்கத் தெரிஞ்சவ ஒருத்தியே கலக்கட்டும்."

அந்த வாரமே ஆறு நாளும் பூமயிலுக்கு வந்தது. பாண்டியம்மாளை வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் இடத்தில் போட்டார்கள். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் வந்து பூமயிலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்குத்தான் ஏறவே மாட்டேங்குதேக்கா. குடுத்து வச்ச ஒடம்பு. எனக்கு அன்னைக்கு வீட்டுக்குப் போயி ஒரே அழுகை. எங்க வீட்டுல மாமியா சாமிக்கு நேந்துக்கிட்டாக."

பூமயில் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். இந்தக் கையைப் பிடிக்காதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கலக்கினாள். வாய்க்குள் புண் வந்தது. காரம் படாமல் ரசத்தை ஊற்றிக் கரைத்து விழுங்கினாள். மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மேனேஜர் அறைக்குப் போய் நின்றாள். என்ன ஆனாலும் சரி என்றுதான் போனாள்.

"சார், அது என் யூரின் இல்ல."

அவர் பேனாவை மூடினார். "எது?"

"நாலாம் நம்பர் பாட்டிலு. வேற ஆளுகிட்ட வாங்கி வச்சேன். வேற டெஸ்ட்டுன்னு நெனச்சுப் பயந்துட்டேன். எனக்கும் ஏறியிருக்கும் சார். வாயெல்லாம் புண்ணு. முடி கொட்டுது. எனக்குத் திரும்ப எடுக்கச் சொல்லுங்க."

"டூட்டி ஆறு நாளா ஆனதும் ஞாபகம் வருதாக்கும்."

"இல்ல சார். நெசமா."

அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசையில் அவள் பக்கமாகத் தள்ளினார். கோபமே இல்லை. "சரி, எழுது. ஆஸ்பத்திரியையும் டாக்டரையும் ஏமாத்துனேன்னு எழுது. யாரு யூரின் குடுத்தாங்களோ அவங்க பேரையும் எழுதிக் கையெழுத்துப் போடு. நான் இன்னைக்கே சென்னைக்கு அனுப்புறேன், திரும்ப எடுக்கட்டும். ஆனா அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் இங்கன வேலை கெடையாது. வேலையில இல்லாத ஆளுக்கு யூரின் எடுப்பாங்களா, அதையும் அவங்ககிட்டயே கேட்டுச் சொல்றேன்."

பூமயில் தாளைப் பார்த்தபடி நின்றாள். பின்பக்கம் மலிகா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவள் புருஷன் இடுப்பு ஒடிந்து படுத்து மூன்று வருடமாகிறது. பெரிய பெண் பத்தாவது படிக்கிறாள். அன்றைக்கு யாரென்று கேட்காமல், ஏனென்று குடையாமல், அரிசி களைந்த கையைத் துடைத்துக்கொண்டு பாட்டிலை வாங்கினாள்.

"சும்மா சொன்னேன் சார்" என்றாள் பூமயில். "வேலை கூடிப்போச்சேன்னு..."

"தெரியும்" என்றார் அவர். தாளை எடுத்து மறுபடி அடுக்கில் வைத்தார்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததில் ஒன்றை மட்டும் மேனேஜர் உடனே செய்து முடித்தார். கார்த்திகை பிறந்ததும் இரண்டு கொத்தனார்கள் வந்து, மருந்து கலக்கும் அறையின் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வார்டுப் பக்கச் சுவரை இடித்துக் கண்ணாடித் தடுப்பும் கதவும் போட்டார்கள். வாசனை கசியாமல் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினார்கள். கண்ணாடியின் கீழே, கலக்கிய மருந்தை வெளியே நீட்ட, கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு, அதற்கு ஒரு தள்ளு மூடி. அந்தத் திறப்பை ஒட்டி மேசையை நகர்த்திப் போட்டார்கள். மருந்து கலப்பவர் தவிர மற்றவர்கள் உள்ளே வரக் கூடாது என்று பலகை மாட்டினார்கள். திறப்பு விழா மாதிரி டிரஸ்டிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள்.

அதன் பிறகு பூமயிலிடம் பேச வேண்டுமென்றால் தலைமை நர்ஸ் கண்ணாடியைத் தட்டுவாள். எத்தனை பாட்டில் என்பதை விரலால் காட்டுவாள். மலிகா கொண்டுவரும் டீயை வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு, உதட்டை அசைத்து ஏதோ சொல்வாள். சாப்பிட்டாயா என்று கேட்கிறாள் என்று பூமயிலாக வைத்துக்கொள்வாள். சாப்பிட்டேன் என்று தலையாட்டுவாள். உள்ளே அவள் மூச்சுச் சத்தம் அவளுக்கே கேட்டது. விசிறியை வழக்கம்போல நிறுத்தித்தான் வைக்க வேண்டியிருந்தது.

ஒரு வாரம் கழித்து முத்தழகு வாளியும் ஈரத்துணியுமாகக் கண்ணாடியைத் துடைக்க வந்தாள். மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டே வந்தவள், பூமயிலின் முகத்துக்கு நேராக வந்ததும் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். அங்கே ஒரு தட்டு அகலத்துக்கு, ஊசி முனை அளவான சிவப்புப் புள்ளிகள் பொடிப்பொடியாகப் படிந்திருந்தன. துணியால் அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை. சோப்புப் பொடி தொட்டுத் தேய்த்தாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டி, அது என் பக்கத்தில் இல்லை, உன் பக்கம் என்று விரலை நீட்டிக் காட்டிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த கண்ணாடிக்குப் போனாள்.